வெயில் கேட்ட வாசல்

அக்கா,

ரப்பர் விலை ஏறி, துரைமார் ஆளுக்கொரு புதுக் கார் வாங்கினார்களே, அதற்கு அடுத்த வருஷம். மார்கழி மழையில் பேராக் ஆறு கரை தாண்டி, கூரைகளையும் மாடுகளையும் ஒன்றாக மிதக்க விட்டதே, அதே வருஷம். வெள்ளத்தை நீ பார்க்கவில்லை. அதற்கு முன்பே போய்விட்டாய். அந்த வருஷத்துத் தண்ணீர்ச் சத்தம் இன்று காலை என் வாசலில் கேட்டது.

நான் இப்போது இருப்பது குனோங் ராபாட்டில். சுண்ணாம்பு மலைக்கு அடியில் ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்று. வீட்டில் பையன்கள் சம்பாதிக்கிறார்கள். முன்வாசலைப் புதிதாகப் போடவேண்டும் என்று கொஞ்ச நாளாகவே பேச்சு. கார் நிற்க இவ்வளவு இடம், மோட்டார் சைக்கிளுக்கு இவ்வளவு, துணி காய, செருப்பு விட, மிச்சத்தில் பூச்செடி என்று சிமெண்டுத் தரையில் சாக்கட்டியால் கோடு இழுத்தார்கள். நல்ல யோசனைதான். நாற்காலியில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் வெளிக்கதவு ஓரமாகக் கல் அடுக்கி, அடியில் வெள்ளை மணல் பரப்பி, பம்ப்பு வைத்து ஒரு சின்ன ஓடையை ஓட விட்டார்கள். வெயில் நேராக அதன்மேல் விழுந்தது. மணல் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது.

நிறுத்துங்கடா என்றேன். போட்ட சத்தம் உள்வீடு வரைக்கும் கேட்டது.

"ஏன் தாத்தா, அழகாதானே இருக்கு லா?" என்றான் சின்னவன்.

அவன் அம்மா உள்ளே இருந்து வந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். "மாமா சொன்னா நிறுத்து. என்னான்னு அப்புறம் கேட்டுக்கலாம்," என்றாள். பம்ப்பு நின்றது. என்னவென்று அவர்களுக்குச் சொல்லுமுன் உன்னிடம் ஒருமுறை சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. எனக்கு எழுத்து தெரியாது, உனக்கும் தெரியாது. அடுத்த வீட்டில் பள்ளிக்கூடத்து வாத்தியாராக இருந்து ஓய்ந்தவர் இருக்கிறார். நான் சொல்லச் சொல்ல அவர் எழுதுகிறார்.

பத்து காஜா டவுனில் இருந்து உள்ளே தள்ளி இருந்த அந்த ரப்பர்த் தோட்டத்தில் நம் லயம் ஓடையைப் பார்த்து நின்றது. பத்து வீட்டுக்கு ஒரே கூரை. அஞ்சடித் திண்ணையில் இருந்து இறங்கினால் சேறு, சேற்றைத் தாண்டினால் ஓடை. ஓடை இருப்பதைக் காதுதான் சொல்லும், கண்ணுக்குத் தெரியாது. மேலே காட்டு மரங்கள் கிளையோடு கிளை பின்னி நின்றன. கீழே காட்டுச் சேம்பும் புதரும். நடுப்பகலிலும் அங்கே பொழுது சாய்ந்த மாதிரிதான். கால் வைத்தால் அட்டை ஏறும். உன் மூத்தவனைப் பாம்பு தொட்டது அந்த இருட்டில்தான். குடத்தோடு நீ முன்னால் போனாய், அவன் உன் சேலையைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தான். சேலை லேசாகி இருந்ததால் திரும்பிப் பார்த்தேன் என்று பிற்பாடு சொன்னாய். அந்த ஒரு தடவைதான் அதைப் பற்றிப் பேசினாய்.

அப்புறம் வெகுகாலம் நீ யாரோடும் சரியாகப் பேசவில்லை. நானும் மச்சானும் மரம் சீவிவிட்டு வந்தால் சோறு இருக்கும், நீ இருக்க மாட்டாய். ஓடைப் பக்கம் போய் நின்றுகொண்டிருப்பாய். மறுபடியும் உன் வயிற்றில் ஒரு உயிர் தங்கிய பிறகுதான் வாய் திறந்தாய். ஒருநாள் ரப்பர்ப் பால் வாளியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து, அடுப்புச் சாம்பலை அள்ளி அஞ்சடியில் பரப்பி, விறகுக் குச்சியால் கோடு இழுத்தாய். என்ன புள்ள, கோலமா என்று மச்சான் கேட்டார். வாசல் என்று சொன்னாய்.

அந்தச் சாம்பல் வாசல் இப்போதும் என் கண்ணுக்குள் இருக்கிறது, அக்கா. படியில் இருந்து ஓடை வரைக்கும் கல் பதித்த பாதை. வளைவு கிளைவு வேண்டாம், நேராக; மழையில் குடம் தூக்கி வருகிறவள் கண்ணை மூடிக்கொண்டு வரலாம். இடது பக்கம் துவைகல். அழுக்குத் தண்ணீர் ஓடைக்குப் போகாமல் வாழைக்குப் போகவேண்டும். வலது பக்கம் துணிக்கொடி. கறிவேப்பிலை கைக்கெட்டும் தூரத்தில், முருங்கை கூரைமேல் விழாத தூரத்தில். பாதைக்கு இரண்டு பக்கமும் துலுக்கச் செவ்வந்தி. சும்மா கிடக்கிற பூவுக்கு எதற்கு இவ்வளவு இடம் என்றார் மச்சான். "பாம்பு வந்தா பூ அசையும். தூரத்துலயே தெரியும்," என்றாய்.

இதற்கெல்லாம் முதல் வேலை ஓடைமேல் நின்ற மரங்களை எடுப்பது. அவ்வளவு மரத்தையுமா என்று நான் கேட்டேன்.

"இந்தப் புள்ள கண்ணு முழிக்கையில வெளிச்சம் தெரியணும்டா," என்றாய். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. சாம்பலைப் பார்த்துச் சொன்னாய்.

கங்காணி போய்த் துரையிடம் கேட்டார். விறகு ரப்பர் உலர்த்தும் ஸ்டோருக்கு வருவதானால் வெட்டிக்கொள்ளட்டும் என்று உத்தரவு வந்தது. அடுத்த வீட்டு மாரியாயிதான் முதலில் உன்னைக் கேலி செய்தவள். தன் கைக்குழந்தை அஞ்சலையை இடுப்பில் வைத்துக்கொண்டு, லயத்துக்கே கேட்கிற மாதிரி பேசினாள். "வயித்துல இருக்குறது கவர்னரு புள்ளைன்னு நெனப்பு. வாசல் வச்சுத்தான் பெத்துக்குவாளாம்." நீ அசரவில்லை. "ஒன் மவளுக்கும் சேத்துத்தான்டி வாசல். நாளைக்கு அஞ்சலை நடக்கையில சேத்துலயா நடக்கணும்?" என்றாய். மறுநாள் பிற்பகல் மாரியாயி அஞ்சலையை முதுகில் கட்டிக்கொண்டு, கையில் பாராங் கத்தியோடு வந்து உன் பக்கத்தில் புதர் வெட்டினாள்.

பெரிய மரம் ஒன்றின் அடியில் முனியாண்டிக் கல் இருந்தது. அதைத் தொட ஆண்கள் பயந்தார்கள். நீதான் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கும்பிட்டு, நகர்த்தச் சொல்லி, பாதை முடிகிற இடத்தில் மேடை கட்டி வைத்தாய். "அவருக்கும் கொஞ்சம் வெயில் வேணாமா? எத்தன வருசமா ஈரத்துல நிக்கிறாரு," என்றாய். எல்லாரும் சிரித்தோம். வெகுநாளுக்குப் பிறகு உன் பல்லை அன்றுதான் பார்த்தேன்.

மரம் சாய்ந்ததும் வெயில் ஒரு கூரை இடிந்து விழுந்த மாதிரி உள்ளே விழுந்தது. கிழவர்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அஞ்சடிக்கு வந்தார்கள். அப்போதுதான் ஓடையை முழுசாகப் பார்த்தோம். மச்சானும் நானும் பக்கத்தில் ஈயம் தோண்டிவிட்ட குட்டையில் இருந்து வெள்ளை மணலைச் சாக்கில் சுமந்து வந்து, நீ காட்டிய இடத்தில் கொட்டினோம். பிள்ளைகள் முங்கக்கூடாது, குளிக்கலாம் என்ற அளவில் அங்கங்கே சின்னச் சின்னப் பள்ளமாக ஓடையைத் தேக்கினாய். பாதைக் கற்களுக்குச் சுண்ணாம்பு அடித்தாய். செவ்வந்தி பூத்தது. துரை வந்து பார்த்தார். பார்த்துவிட்டு, பங்களாத் தோட்டத்து விதை ஒரு பொட்டலம் கொடுத்தனுப்பினார்; பெயர் தெரியாத சிவப்புப் பூ அதில் வந்தது. மற்ற லயங்களும் இப்படியே வெட்டி வாசல் வைக்கட்டும் என்று உத்தரவு போட்டார். வெள்ளைக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். நீ முந்தானையை இழுத்துப் போர்த்துக்கொண்டு ஓரமாக நிற்பாய். உன் வயிறு தெரிய ஆரம்பித்திருந்தது.

வைகாசியில் காய்ச்சல் வந்தது.

காய்ச்சல் நமக்குப் புதிதில்லை. வருஷம் ஒன்றிரண்டு பேர் படுப்பதும் எழுவதும் உண்டுதான். இது அப்படி இல்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் குளிர் எடுத்து உலுக்கியது. காலையில் பேர் கூப்பிடுகிற பிரட்டுக்கு வந்து நின்றவர் அங்கேயே உட்கார்ந்து, சாக்கை இழுத்துப் போர்த்துக்கொண்டு பல்லைக் கடித்தார். காய்ச்சலுக்கான கொயினாத் தண்ணீரை ஆபீஸ் கிராணி வரிசையில் நிற்க வைத்து ஊற்றினார். கசப்பில் பாதிப் பேர் திரும்பி நின்று துப்பினார்கள். நம் லயத்தில் நாலாவது வீட்டில் முதல் சாவு. அடுத்தது கடைசி வீடு. அப்புறம் மற்ற லயங்களில். வாசல் வைத்த லயங்களில் எல்லாம்.

ஆடியில் அஞ்சலை போய்விட்டாள். நடக்கவே ஆரம்பித்திருக்கவில்லை.

புதைத்துவிட்டு வந்த அன்று மாரியாயி வீட்டுக்குள் போகவில்லை. உன் கல் பாதையில் நின்றாள். பால் கட்டி, ரவிக்கை நனைந்திருந்தது. "வெளிச்சம் கேட்டியே, இந்தா பாரு வெளிச்சம். நெழல்ல கெடந்த சாமிய வெயில்ல நிறுத்துனே. ஒன் புள்ளைக்கு வாசல் வைக்க எம் புள்ளையக் கொண்டு போயிட்டியேடி," என்றாள். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் யாராவது சமாதானம் சொல்லியிருப்போம். எல்லாரும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

முனிக்குக் கோழி அறுத்தார்கள், பன்றி கொடுத்தார்கள். நீ முனியை நினைக்கவில்லை. தண்ணீரில் ஏதோ அழுக்கு இருக்கிறது, அதுதான் பிள்ளைகளைக் கொல்கிறது என்று உன் மனதில் விழுந்துவிட்டது. விடிந்ததும் ஓடையில் இறங்குவாய். விழுந்த இலையைப் பொறுக்குவாய், கல்லில் படிந்த பாசியைச் சுரண்டுவாய், சேறு கலங்கிய இடத்தில் புது மணல் போடுவாய். அந்த வயிற்றோடு குனிந்து குனிந்து செய்தாய். "தண்ணி சுத்தமா இருந்தா காச்ச ஏன் வருது?" என்று உனக்கு நீயே கேட்டுக்கொண்டாய். ஓடை கண்ணாடி மாதிரி ஆனது. ஆக ஆகக் காய்ச்சலும் ஏறியது. உனக்கும் வந்தது.

அப்போதுதான் தோட்டத்துக்கு மருந்து பார்க்கிற புது டிரஸ்ஸர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், ஒல்லி, அதிகம் பேசாதவர். கையில் நீளக் காம்பு வைத்த வெள்ளை அகப்பை. சாக்கடையில் மொண்டு பார்த்தார், தலையை ஆட்டிவிட்டு ஊற்றினார். நேராக உன் ஓடைக்கு வந்து, வெயில் விழுந்த மணல் பள்ளத்தில் ஒரு அகப்பை மொண்டு, எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினார். நூல் துண்டு மாதிரிப் புழுக்கள், தண்ணீரின் மேல்தோலில் படுத்துக் கிடந்தன. காய்ச்சலைத் தூக்கி வருகிற கொசு இதுதான் என்றார். இந்த இனம் சாக்கடையில் வளராது, இருட்டிலும் வளராது, வெயில் படுகிற தெளிந்த ஓடைத் தண்ணீர்தான் இதற்கு வீடு என்றார். மேலே இருந்த மரத்தை யார் வெட்டச் சொன்னது என்று கேட்டார்.

யாரும் உன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஆனால் எல்லார் கண்ணும் உன்மேல்தான் இருந்தது. மரத்தை வெட்டியதால்தான் என்று லயமும் சொன்னது, டிரஸ்ஸரும் சொன்னார். அவர்கள் முனி என்றார்கள், இவர் கொசு என்றார். உனக்கு இரண்டும் ஒன்றுதானே, அக்கா. நீ கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாய். அந்த அகப்பையை வெகுநேரம் பார்த்தாய்.

"நெழலு திரும்ப வந்தா இது போயிருங்களா?" என்று கேட்டாய்.

போகும், ஆனால் நாளாகும் என்றார் அவர். அதுவரை எண்ணெய் ஊற்றவேண்டும், பிறகு ஓடையையே குழாய்க்குள் விட்டு மூடவேண்டும், துரைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன் என்றார். எண்ணெய் வரவில்லை. குழாய் அடுத்த வருஷம் என்றார்கள். பெரிய துரைமார் பார்க்க வருகிறார்கள், அதுவரை வாசலை யாரும் கலைக்கக்கூடாது என்று கங்காணி வந்து சொன்னார்.

மறுநாள் உனக்குக் காய்ச்சல் விட்டிருந்த நாள். எழுந்து போய் முதலில் செவ்வந்தியைப் பிடுங்கினாய். அப்புறம் நாங்கள் சுமந்து போட்ட மணலை வாரிக் கரையில் எறிந்தாய். காட்டுக்குள் போய்ச் சேம்பை வேரோடு பெயர்த்து வந்து தண்ணீர் ஓரத்தில் ஊன்றினாய். மச்சான் தென்னோலை வெட்டி ஓடையின் குறுக்கே பரப்பினார். நான் வாழைக்கன்று சுமந்தேன். கங்காணி ஓடிவந்தார். துரை கேட்டால் நான் என்ன சொல்லுவது என்று கத்தினார்.

"நான் போட்ட வாசல், நானே எடுக்குறேன்னு சொல்லுங்க," என்றாய்.

அவர் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார். துரையிடம் என்ன சொன்னாரோ, யாரும் வந்து தடுக்கவில்லை. குளிர் எடுக்கிற நாளில் சாக்குக்குள் சுருண்டு கிடப்பாய், விடுகிற நாளில் ஓடையில் நிற்பாய். ஆசை ஆசையாகப் போட்ட ஒவ்வொன்றையும் போட்ட வரிசைக்குத் தலைகீழாக எடுத்தாய். ஒருநாள் நீ கல்லில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது மாரியாயி வந்தாள். அஞ்சலை போன பிறகு அவள் உன்னோடு பேசவில்லை. கக்கத்தில் இரண்டு வாழைக்கன்று இருந்தது. "அந்தக் கரைய நான் பாத்துக்குறேன். நீ உக்காரு," என்றாள். அன்றைக்கெல்லாம் நட்டாள்.

ஐப்பசியில் பிள்ளை பிறந்தது. பெண். உன் உடம்பில் இரத்தமே இல்லை என்று டிரஸ்ஸர் சொன்னார். வண்டி கட்டிப் பத்து காஜா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகலாம் என்றார், நீ தாங்கமாட்டாய் என்றும் அவரே சொன்னார். உள்ளே இருட்டாக இருக்கிறதே என்று மச்சான் கதவைத் திறக்கப் போனார். நீ வேண்டாம் என்று கையை ஆட்டினாய்.

"தண்ணி மேல நெழலு விழுந்துச்சா?" என்று கேட்டாய்.

வாழை முழங்கால் உயரம்தான் வந்திருந்தது. ஓலை காய்ந்து ஓட்டை ஓட்டையாக வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.

"விழுந்துருச்சு புள்ள. பூராவும் நெழலு," என்றார் மச்சான்.

பிள்ளையை உன் பக்கத்தில் வைத்தோம். நீ அதைப் பார்த்தாயா, அதைத் தாண்டி எதையாவது பார்த்தாயா, எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. பெயர் வைக்க நீ இருக்கவில்லை.

அப்புறம் மழை பிடித்தது. விடாமல் பெய்தது. ஓடை மலையில் இருந்து மரத்தையும் பாறையையும் உருட்டிக்கொண்டு வந்து, நீ வைத்ததையும் எடுத்ததையும் பார்க்காமல் எல்லாவற்றையும் கொண்டு போனது. சுண்ணாம்புக் கல், வெள்ளை மணல், முனி மேடை, மாரியாயியின் வாழை, ஒன்றும் இல்லை. லயத்தை மேட்டில் மாற்றிக் கட்டினார்கள். குழாயும் வந்தது, உனக்குப் பிறகு, எத்தனையோ பேருக்குப் பிறகு. நீ நட்ட நிழல் யாரையாவது காப்பாற்றியதா என்று என்னைக் கேட்காதே. காப்பாற்றுகிற அளவுக்கு அது வளரவே இல்லை.

எனக்கு எண்பது தாண்டிவிட்டது. தெளிந்த தண்ணீரைக் கண்டால் இப்போதும் முதலில் மேலே பார்க்கிறேன், நிழல் இருக்கிறதா என்று. தண்ணீருக்குள் பார்ப்பது அப்புறம்தான். இந்த ஊர்க் கொசு வேறு, தேங்கின தண்ணீர்க் கொசு, பம்ப்புத் தண்ணீரில் ஒன்றும் வராது என்று பையன்கள் விளக்கினார்கள். இருக்கலாம். அவர்கள் படித்தவர்கள். என் கண்ணுக்கு அதெல்லாம் தெரியாது.

மத்தியானம் அவர்கள் அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நீ ஓடையில் நின்ற கதையை முதல்முறையாக அவளுக்கு முழுசாகச் சொன்னேன். சொல்லி முடித்ததும் வெளியே போய், அந்த மணலை அவளே அள்ளினாள். "இந்தப் பள்ளத்துல மண்ணப் போட்டு நெறப்புங்கடா. வாழ வைக்கலாம்," என்று பையன்களிடம் சொன்னாள். குனிந்து அள்ளும்போது அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். நீயும் அப்படித்தான் வைத்துக்கொள்வாய்.

லயத்தில் இருந்தவர்கள் யாரும் இல்லை, அக்கா. கங்காணி ஊருக்குப் போன கப்பலோடு சரி. டிரஸ்ஸர் எங்கெங்கோ மாற்றலாகிப் போய், போன இடத்தில் காய்ச்சலிலேயே போனதாகக் கேள்வி. மச்சானை ஜப்பான்காரன் சயாம் ரயில்பாதை வேலைக்குப் பிடித்துக்கொண்டு போனான். அங்கே இருந்து செய்திகூட வரவில்லை. மாரியாயியைப் புந்தோங் சுடுகாட்டில் என் கையால் எரித்தேன். உன் மகளுக்குப் பால் கொடுத்தவள் அவள்தான். நீ போன அன்றே வந்து, கேட்காமல் பிள்ளையைத் தூக்கி, சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

பெயர் வைக்கிற நாளில், செத்த பிள்ளையின் பெயரை வைப்பது ஆகாது என்று கங்காணி தடுத்துப் பார்த்தார். மாரியாயி பிள்ளையைக் கீழே விடவில்லை. "அந்தப் பேரக் கூப்புட்டுக் கூப்புட்டுப் பழகிருச்சுங்க. வேற பேரு என் வாயில வரமாட்டேங்குது," என்றாள்.

மிச்சம் இருப்பது உன் மகள் ஒருத்திதான். இதோ வாசலில் மண் கொட்டிக்கொண்டு நிற்கிறாள், கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள். அஞ்சலை.